காரை ரிப்பீட்டராக்குவது எப்படி? தண்ணீர்மலையில் பட்டுத் தெரிந்துகொண்டது

தைப்பூசத்துக்கு முதலுதவிக் குழுவோடு பினாங்கு தண்ணீர்மலையில் நிற்பது எனக்குப் பல வருடப் பழக்கம். கோயிலுக்கு 513 படிகள். கீழே ஜாலான் கெபுன் பூங்கா முழுக்கத் தண்ணீர்ப் பந்தல், காவடி, உருமி. கூட்டம் சேர்ந்தபிறகு கைப்பேசியை நம்ப முடியாது, வாக்கி-டாக்கிதான். அதிலும் ஒரு சங்கடம். மலைச்சரிவின் மடிப்பில் நிற்பவருக்குப் பெரிய ரிப்பீட்டரின் (வரும் பேச்சைக் கேட்டு, மறுபடி பலமாக அனுப்பும் நிலையம்) பேச்சு நன்றாகக் கேட்கும். அவர் பேசுவது மட்டும் அங்கே போய்ச் சேராது. ரிப்பீட்டரிடம் பலம் இருக்கிறது, இடுப்பில் மாட்டிய 5 வாட் செட்டிடம் இல்லை.

இதற்கு வழி, நடுவில் ஒரு காரை நிறுத்துவது. கையில் உள்ள செட், காரில் உள்ள செட்டோடு யுஎச்எஃப்-இல் (430 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) பேசும். கார் அதைக் கேட்டு, அதே நொடியில் விஎச்எஃப்-இல் (144 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) கூடுதல் பலத்தோடு, உயரமான ஆண்டெனா வழியாக ரிப்பீட்டருக்கு அனுப்பும். திரும்பி வருவதும் அப்படியே. கிராஸ்பேண்ட் ரிப்பீட் என்பது இதுதான்.

முதலில் உரிமம். நான் சொல்வது அமெச்சூர் வானொலிக்கு, அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுவோருக்கு. தேர்வெழுதி அழைப்புக்குறி வாங்கியிருக்க வேண்டும். காரை இப்படி ரிப்பீட்டராக இயக்கலாமா என்று மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடமும், ரிப்பீட்டரைப் பராமரிக்கும் குழுவிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். காவல்துறை, பொம்பா (தீயணைப்புத் துறை) எல்லாம் பயன்படுத்தும் ஜிர்ன் என்ற அரசு வானொலி வலை, டெட்ரா என்னும் டிஜிட்டல் வகை, அது வேறு உலகம். டெட்ராவிலும் இப்படி இடையில் நின்று இணைக்கும், வாகனத்தில் வைக்கும் கேட்வே உண்டு, ஆனால் அது அவர்கள் வேலை. நம் செட்டை அதோடு கோர்க்கப் பார்க்காதீர்கள்.

செட் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: டூயல்பேண்ட் (விஎச்எஃப், யுஎச்எஃப் இரண்டும்) என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, கிராஸ்பேண்ட் ரிப்பீட் என்று கையேட்டில் இருக்க வேண்டும். நான் வைத்திருப்பது கென்வுட் டிஎம்-வி71ஏ. யேசு எஃப்டி-8900-உம் செய்யும். இரண்டும் பழைய மாடல்கள், பழையதாகத்தான் தேட வேண்டும். புதுசு என்பதற்காக இந்த வசதி இல்லாத செட்டை வாங்குவதைவிட இதுவே மேல் என்பேன். ஆண்டெனாவைக் கூரையின் நடுவில் காந்த அடியோடு வையுங்கள். நண்பரின் ஹைலக்ஸில் பின்மூடி ஃபைபர். காந்தம் ஒட்டவில்லை என்று வாங்கி வந்த அன்றுதான் தெரிந்தது. ஒட்டியிருந்தாலும் பயனில்லை, அடியில் உலோகம் இல்லாவிட்டால் ஆண்டெனா சரியாக வேலை செய்யாது.

இனி நான் சறுக்கிய இடம். இதைக் கவனமாகப் படியுங்கள்.

யுஎச்எஃப் அலைவரிசையை நினைவில் வைக்க எளிதாக இருக்கட்டும் என்று தேர்ந்தெடுத்தேன். சோதனையில் கையில் உள்ள செட்டின் பேசும் பொத்தானை ஒருமுறை அழுத்தினேன். விட்ட பிறகும் காரில், செட் அனுப்புவதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணையவில்லை. டைம்-அவுட் வரும்வரை (நேரம் மீறினால் செட் தானாக அனுப்புவதை நிறுத்தும்) யாராலும் பேச முடியவில்லை. ஆண்டெனாவை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். வீட்டில் தோசை ஆறிக்கொண்டிருந்தது.

காரணம் பெருக்கல் வாய்ப்பாடு. எந்த விஎச்எஃப் செட்டும் தன் அலைவரிசையின் மூன்று மடங்கிலும் கொஞ்சம் கசியும். கார் ரிப்பீட்டருக்கு அனுப்புவது 144.950 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். மூன்றால் பெருக்கினால் 434.850. காரின் யுஎச்எஃப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது அதே 434.850! கார் தன் குரலையே கேட்டு, யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்து, திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு இரண்டு பக்கமும் ஒரே சிடிசிஎஸ்எஸ் டோன் (பேச்சோடு அடையாளமாகப் போகும் மெல்லிய ஒலி, அது வந்தால்தான் செட் திறக்கும்) வைத்திருந்தேன். கதவுக்குக் காவல் வைத்து, சாவியையும் வெளியே தொங்கவிட்ட கதை.

ஆகவே: கார் அனுப்பும் விஎச்எஃப் எண்ணை மூன்றால் பெருக்குங்கள், விடையிலிருந்து விலகிப் போங்கள். கவனியுங்கள், பெருக்க வேண்டியது ரிப்பீட்டரை நாம் கேட்கும் எண்ணை அல்ல, நாம் அதற்கு அனுப்பும் எண்ணை. கார் சாவி ரிமோட்டுகள் நிறைய இருக்கும் 433.920 பக்கமும் வேண்டாம். யுஎச்எஃப் பக்கம் தனி டோன் கட்டாயம், இல்லாவிட்டால் எதிர்ப்படும் இரைச்சல் எல்லாம் ரிப்பீட்டருக்குப் போகும்.

அடுத்தது வால். நாம் பேசி முடித்தபிறகும் ரிப்பீட்டர் சில நொடி திறந்தே இருக்கும். கார் அந்த வாலையும் நமக்கு அனுப்பிக்கொண்டிருக்கும், அதுவரை நாம் குறுக்கிட முடியாது. ரிப்பீட்டர் பேச்சோடு மட்டும் டோன் அனுப்பி, வாலில் அனுப்பாமல் இருந்தால், காரின் விஎச்எஃப் பக்கமும் டோன் ஸ்க்வெல்ச் (டோன் வந்தால் மட்டும் திறக்கும் பூட்டு) போடுங்கள், பிரச்சினை தீரும். வாலிலும் அனுப்பினால் பொறுமைதான்.

பவர்: விஎச்எஃப் 10 வாட், யுஎச்எஃப் 5 வாட். 50 வாட் வைக்க ஆசை வரும், வேண்டாம். நாள் முழுக்க அனுப்பினால், பினாங்கு மத்தியான வெயிலில், மூடிய காருக்குள் செட் வெந்துவிடும். கார் பேட்டரியிலும் கை வைக்காதீர்கள். தனி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று எடுத்து வையுங்கள். இரவு பதினொன்றுக்கு ஸ்டார்ட் ஆகாத காரைத் தள்ள ஆள் தேடியவன் சொல்கிறேன்.

காரை எங்கே நிறுத்துவது? செட்டைக் கையில் வைத்துக்கொண்டு முதல் நாளே நடந்து பார்த்துத் தீர்மானியுங்கள். மலையடியில் ஒட்டி நிறுத்தினால் கார் நம்மைக் கேட்கும், ரிப்பீட்டர் காரைக் கேட்காது. சற்று விலகி, படியும் வானமும் தெரியும் இடம்தான் நல்லது.

தொண்டர்களுக்கு ஒரே ஒரு பாடம்: பொத்தானை அழுத்தியபின் ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள். கார், ரிப்பீட்டர் என இரண்டு தாவல் திறக்க நேரமாகும், முதல் சொல் வெட்டுப்படும். ஒரு தம்பி “ரெண்டு ஸ்ட்ரெச்சர் வேணும்ணே” என்றது கீழே “ஸ்ட்ரெச்சர் வேணும்ணே” என்றுதான் வந்தது. ஒன்றை அனுப்பினோம்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒருவர், தங்கள் குழுவில் இரண்டு கார்கள் ஒரே நேரத்தில் இயங்கியபோது எல்லாம் கரகரவென்று ஆனதாக எழுதியிருந்தார். ஆகத்தான் செய்யும். ஒரே அலைவரிசையில் இரண்டு கார்களும் ஒரே பேச்சைத் திருப்பி அனுப்பினால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். தொழில்முறை வாகன ரிப்பீட்டர்களில், ஓரிடத்தில் பல வண்டிகள் சேர்ந்தால் ஒன்று மட்டும் வேலை செய்து மற்றவை தாமாக ஒதுங்கும் ஏற்பாடு உண்டு. நம் செட்டில் அது கிடையாது. எந்தக் கார் இயங்குகிறது என்று ஒருவர் பொறுப்பெடுத்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது காரில் கிராஸ்பேண்டை அணைத்துவிட்டுச் சாவியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.