கடலோர வீட்டு ஜன்னலுக்கு எந்தப் பொருளில் சட்டம்?

நாகப்பட்டினத்தில் எங்கள் வீடு கடலுக்கு மிக அருகில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையை நேராக வாங்கும் கிழக்குப் பக்க ஜன்னல்களின் கீழ்ச்சட்டம், விரலால் அழுத்தினாலே மாவாக உதிர்ந்தது. மழை பாதி, கறையான் பாதி.

தேக்குதான் என் ஆசை. வைரம் பாய்ந்த தேக்கைக் கறையான் எளிதில் தொடாது. ஆனால் மரக்கடையில் காட்டிய சட்டங்களில் வெளுத்த ஓரப்பகுதியே அதிகம். கறையான் முதலில் பிடிப்பது அதைத்தான். அலுமினியமா? எதிர்வீட்டில் பவுடர் பூச்சு கீறிய இடங்களில் உப்புக்காற்று பட்டு வெள்ளைப் பொடி பூத்து, குழி குழியாக அரித்திருந்தது. வெயிலில் கையும் வைக்க முடியவில்லை.

அதனால் யுபிவிசி என்ற கெட்டியான பிளாஸ்டிக் சட்டம். உப்பும் கறையானும் அதை ஒன்றும் செய்வதில்லை. வாங்குமுன் சட்டத்தின் வெட்டுத்துண்டைக் கேட்டுப் பாருங்கள். உள்ளே துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை இல்லையென்றால் பெரிய ஜன்னல் காற்றில் வளையும். கீல்களையும் திருகுகளையும் மாலிப்டினம் கலந்த 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேட்டு வாங்கினேன். கடற்காற்றை 304 ரகத்தைவிட அது நன்றாகத் தாங்கும்.

பொருத்தும் நாளில் பக்கத்திலேயே நில்லுங்கள். கீழ்ச்சட்டத்தின் வெளிப்புறம் மழைநீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். பூச்சு வேலையில் கொத்தனார் அவற்றைச் சிமென்டால் அடைக்கப் போனார், தடுத்து நிறுத்தினேன். சுவரோர இடைவெளியில் நீர் புகாதபடி சிலிக்கோன் பசை பூசச் சொன்னேன். ஐப்பசி மழையில் உள்சுவர் நனையவில்லை.

கொசுவலைக்கான தடத்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு சேர்ப்பது பெரும்பாடு.