நவூரு தேர்தல்: பத்துச் சீட்டை வைத்து வாக்கு எண்ணிப் பழகலாம்

நவூரு, பசிபிக்கில் 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள குட்டித் தீவு நாடு. அங்கே வாக்கு எண்ணும் முறை வேறெங்கும் காண்பதற்கு அரிது. 1971-இல் நீதித்துறைச் செயலாளராக இருந்த டெஸ்மண்ட் டவ்டல் வகுத்தது. எனக்கு மிகவும் பிடித்த முறை இது. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: தொகுதி. நாடாளுமன்றத்துக்கு 8 தொகுதிகள், 19 இடங்கள். உபெனிடேவுக்கு 4, மெனெங்குக்கு 3, மற்ற ஆறுக்கும் இரண்டிரண்டு. நாம் இரண்டு இடத் தொகுதி ஒன்றை எடுப்போம். வேட்பாளர்கள் க, ச, த.

படி 2: சீட்டு. 20 வயது நிரம்பியவர்கள் கட்டாயம் வாக்களிக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் குத்திவிட்டு வர முடியாது. எல்லா வேட்பாளருக்கும் 1, 2, 3 என்று வரிசை எண் போட வேண்டும். ஒருவரை விட்டாலும் சீட்டு செல்லாது. நம்முடைய பத்துச் சீட்டு:

6 பேர்: க, ச, த
3 பேர்: த, ச, க
1 ஆள்: ச, க, த

படி 3: மதிப்பு. முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு அரை (0.5), மூன்றாமிடத்துக்கு மூன்றில் ஒன்று (0.333). வேட்பாளர் கூடினால் கால், ஐந்தில் ஒன்று என்று இறங்கிக்கொண்டே போகும். ஆஸ்திரேலியாவில் செய்வதுபோல இங்கே கடைசி ஆளை நீக்கி, அவர் சீட்டுகளை மற்றவர்களுக்குப் பிரிப்பது கிடையாது. நேரே கூட்டல்தான்.

படி 4: கூட்டல்.

க: 6 + 0.5 + 0.999 = 7.499
ச: 3 + 1.5 + 1 = 5.5
த: 1.998 + 3 + 0.333 = 5.331

க, ச இருவரும் வென்றார்கள். த-வை முதலிடத்தில் வைத்தவர்கள் மூன்று பேர், ச-வை வைத்தவர் ஒரே ஒருவர். ஆனாலும் ச முந்திவிட்டார், மற்ற ஒன்பது பேரும் அவருக்கு இரண்டாமிடம் கொடுத்ததால். கட்சி அரசியல் பெரிதாக வேர்விடாத, பெரும்பாலோர் சுயேச்சையாக நிற்கும் ஊரில் இது பெரிய விஷயம். அண்டை வீட்டாரையும் உறவினரையும் பகைக்காதவருக்கு இந்த முறை கைகொடுக்கிறது.

படி 5: குடியரசுத் தலைவர். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. உறுப்பினர்கள் கூடித் தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். 2010-இல் 18 பேர் ஒன்பதுக்கு ஒன்பது என்று பிரிந்து நிற்க, மாதக்கணக்கில் முடிவே வரவில்லை. அப்புறம்தான் இடங்கள் 19 ஆயின.

சரி, இப்போது ஒன்று செய்து பாருங்கள். முதல் ஆறு பேரில் ஒரே ஒருவர் மட்டும் 'க, த, ச' என்று மாற்றி எழுதட்டும். ச 5.333, த 5.498. இரண்டாவது இடம் த-வுக்குப் போய்விட்டது!