மெய்நிகர் தனி சர்வரா, முழு இயந்திரமா? அளந்து பார்த்து முடிவெடுங்கள்

"சர்வர் எடுக்க வேண்டும், எத்தனை கோர் (பிராசசருக்குள் கணக்கிடும் அலகு) போதும்?" என்றுதான் என்னிடம் வருகிறவர்கள் பேச்சைத் தொடங்குகிறார்கள். சர்வர் பராமரிப்புதான் என் தொழில். பதிலுக்கு நான் கேட்பது ஒன்றே ஒன்று: உங்கள் மென்பொருள் இப்போது எதற்காகக் காத்துக் கிடக்கிறது? பிராசசருக்கா, நினைவகத்துக்கா, டிஸ்க்குக்கா? இது தெரியாமல் மெய்நிகர் சர்வரா முழு இயந்திரமா என்று முடிவு செய்ய வழியே இல்லை. விலைப்பட்டியலிலும் இதற்கு விடை இருக்காது.

முழு இயந்திரம் என்றால் பிராசசர், நினைவகம், டிஸ்க், நெட்வொர்க் அட்டை எல்லாமே உங்களுக்கு மட்டும். மெய்நிகர் தனி சர்வரில், ஒரு பெரிய இயந்திரத்தின் மேல் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் ஓடுகிறது. லினக்ஸ் உலகில் பெரும்பாலும் அது கேவிஎம், 2007 முதல் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வருவது. அந்த ஹைப்பர்வைசர் சில கோர்களையும் குறிப்பிட்ட அளவு நினைவகத்தையும் உங்கள் பெயரில் ஒதுக்கி வைக்கிறது. சாதாரண விபிஎஸ்ஸில் (பகிர்வு மெய்நிகர் சர்வரில்) கோர்களுக்கு இந்த ஒதுக்கீடும் பெரும்பாலும் கிடையாது. ஆனால் "தனி" என்ற சொல்லின் உறுதி பெரும்பாலும் கோர், நினைவகம் இரண்டோடு முடிந்துவிடுகிறது. டிஸ்க்கும் நெட்வொர்க்கும் பக்கத்துச் சர்வர்களோடு பகிர்வில்தான் இருக்கும். ஆகவே விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: கோர் என்று நீங்கள் எழுதியிருப்பது முழுக் கோரா, ஒரு திரெட் (ஒரே கோரைப் பங்கிட்டு ஓடும் பாதைகளில் ஒன்று) மட்டுமா? டிஸ்க் அதே இயந்திரத்துக்குள் இருக்கிறதா, நெட்வொர்க் வழியே வருகிறதா?

பதில் எதுவாக இருந்தாலும், ஒரு மாத வாடகைக்கு எடுத்துச் சோதித்துவிடுங்கள். லினக்ஸில் "டாப்" கட்டளையைக் கொடுத்தால், பிராசசர் வரியின் கடைசியில் "எஸ்டி" என்று ஓர் எண் தெரியும். உங்கள் சர்வர் வேலை செய்யத் தயாராக இருந்தும், ஹைப்பர்வைசர் வேறு யாருக்கோ கோரைக் கொடுத்திருந்த நேரத்தின் விழுக்காடு அது. உண்மையிலேயே ஒதுக்கப்பட்ட கோர் என்றால் அது பூஜ்யத்தை ஒட்டியே நிற்க வேண்டும். பரபரப்பான நேரத்தில் தொடர்ந்து 5க்கு மேல் போகிறதென்றால், பெயரில்தான் தனி, கோர்கள் பகிரப்படுகின்றன. நள்ளிரவில் அளந்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். இன்னொன்றும் உண்டு: விஎம்வேர் என்ற இன்னொரு ஹைப்பர்வைசர் இந்த எண்ணை இயல்பாக உள்ளே காட்டுவதில்லை. அங்கே பூஜ்யம் என்பதற்குப் பொருளே இல்லை. ஒரே கணக்கீட்டைப் பல வேளைகளில் ஓட்டி, எடுக்கும் நேரம் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்.

அடுத்து டிஸ்க். என் அனுபவத்தில் பெரும்பாலான முடிவுகள் இங்கேதான் தீர்மானமாகின்றன. தரவுத்தளம் ஒவ்வொரு பரிவர்த்தனையையும் டிஸ்க்கில் உறுதியாக எழுதிய பிறகே "முடிந்தது" என்று சொல்லும். அப்படி ஒருமுறை எழுத 1 மில்லிநொடி ஆனால், ஒன்றன்பின் ஒன்றாக எழுதும் ஒரு வேலை நொடிக்கு 1,000 பரிவர்த்தனையைத் தாண்ட முடியாது. நூறு கோர் கொடுத்தாலும் அந்த எண் நகராது. நெட்வொர்க் வழி டிஸ்க்கில் மில்லிநொடிக் கணக்கு என்பது சாதாரணம். மின்தடைப் பாதுகாப்புள்ள தரமான என்விஎம்இ (வேகமான ஃபிளாஷ் வகை) டிஸ்க், இயந்திரத்துக்குள்ளேயே இருந்தால், அதே எழுதும் வேலையைச் சில பத்து மைக்ரோநொடிகளில் முடித்துவிடும். "ஃபியோ" கருவியைக் கொண்டு 4 கேபி அளவில், ஒவ்வொரு முறை எழுதியபின்னும் டிஸ்க்கில் உறுதியாகப் பதியவைத்து அளந்து பாருங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், 99ஆவது சதமானத்தை (நூற்றில் 99 முறை இதற்குள் முடிந்துவிடும் என்ற நேரத்தை) பாருங்கள். பக்கத்துச் சர்வர்காரர் பேக்கப் ஓட்டும்போது உங்களுக்கு என்ன ஆகிறது என்பது அங்கேதான் தெரியும்.

சரி, டிஸ்க்தான் தடை என்று தெரிந்துவிட்டது, முழு இயந்திரத்துக்குப் போகிறீர்கள். அப்படியானால் டிஸ்க் சாகும் நாளுக்கு இன்றே தயாராகுங்கள். இரண்டு டிஸ்க் போட்டு ரெய்டு 1 (ஒரே தரவை இரண்டிலும் எழுதும் முறை) அமைப்பது கட்டாயம். பிழைதிருத்தும் இசிசி நினைவகத்தையும் விட்டுக்கொடுக்காதீர்கள். லினக்ஸ் ரெய்டின் நிலைக் கோப்பில், இரு டிஸ்க்குகளும் நலமென்றால் அடைப்புக்குறிக்குள் இரண்டு "யு" எழுத்துகள் நிற்கும். ஒன்று விழுந்தால் அதன் இடத்தில் அடிக்கோடு வந்துவிடும். அந்த அடிக்கோட்டைக் கண்டதும் செய்தி அனுப்பும் ஏற்பாடு இல்லையென்றால், இரண்டாவது டிஸ்க்கும் போகிற அன்றுதான் உங்களுக்கு விஷயமே தெரியவரும். டேட்டா சென்டர் ஊழியரிடம் மாற்றச் சொல்லும்போது செத்த டிஸ்க்கின் வரிசை எண்ணைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள். நல்ல டிஸ்க்கைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அதனால் நான் உயிரோடு இருக்கும் டிஸ்க்கின் எண்ணையும் சேர்த்து எழுதி, "இதைத் தொடக்கூடாது" என்று குறிப்பிடுவேன். புதிய டிஸ்க் வந்ததும் பார்ட்டிஷன் அட்டவணையை (டிஸ்க் எப்படிப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்ற குறிப்பை) நகலெடுத்து, ரெய்டில் சேர்த்து, மறவாமல் "கிரப்" துவக்கியையும் அதில் நிறுவுங்கள். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். அடுத்த முறை பழைய டிஸ்க் போனால் இயந்திரம் எழவே எழாது.

தொலைவிலிருந்து திரையைப் பார்க்கும் ஐபிஎம்ஐ வசதியும் (டெல்லில் ஐடிராக், ஹெச்பியில் ஐஎல்ஓ) கட்டாயம் வேண்டும். அதை இணையத்தில் திறந்து வைக்காமல் விபிஎன்னுக்கு (உங்களுக்கு மட்டுமான மறையாக்கப்பட்ட இணைப்புக்கு) பின்னால் வையுங்கள். பெரிய நினைவகம் உள்ள இயந்திரம் மறுதொடக்கத்துக்குப் பல நிமிடங்கள் எடுக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். பதறி நடுவில் அணைத்துவிட வேண்டாம்.

இந்தச் சுமை எதுவும் மெய்நிகர் சர்வரில் இல்லை. அடியில் உள்ள டிஸ்க் செத்தால் அதை மாற்றுவது விற்றவர் பொறுப்பு. நினைவகம் போதவில்லையென்றால் ஒரு மறுதொடக்கத்தில் கூட்டிக்கொள்ளலாம். புதுப்பிப்புக்கு முன் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்துச் சர்வர் நிலையின் பதிவு) எடுத்து, கெட்டுப்போனால் திரும்பிவிடலாம். டிஸ்க் தடையாக இல்லாத யாருக்கும் நான் இதையே சொல்வேன். ஆனால் ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று எரிந்து அழிந்தது. பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். எந்த வகை சர்வராக இருந்தாலும், ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும்.

2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசசர் பாதுகாப்பு ஓட்டைகள் வெளிவந்த பிறகு, ஒரே பிராசசரை அந்நியரோடு பகிரத் தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். மருத்துவம், வங்கி போன்ற துறைத் தரவு உங்களிடம் இருந்தால், முழு இயந்திரத்துக்கு அது ஒன்றே போதுமான காரணம்.

மாறுவதென்று முடிவானால், புதிய சர்வரில் தரவுத்தளத்தின் பிரதியை ஓடவிட்டு, பழையதோடு சமமாகும்வரை பொறுங்கள். மாற்றத்துக்கு முந்தைய நாளே டிஎன்எஸ் (தளப் பெயரைச் சர்வர் முகவரியாக்கும் ஏற்பாடு) பதிவின் காலாவதியை 300 நொடியாகக் குறைத்துவிடுங்கள். மாற்றும் வேளையில் பழைய சர்வரில் எழுதுவதை நிறுத்தி, பிரதி கடைசிப் பதிவுவரை வந்துவிட்டதா என்று சரிபார்த்து, அதன்பின் டிஎன்எஸ்ஸைப் புதிய சர்வருக்குத் திருப்புங்கள். பழைய சர்வரை உடனே ரத்து செய்ய வேண்டாம். மாதக் கடைசிக் கணக்கு போன்ற அரிதாக ஓடும் வேலை ஒன்று புதியதில் நல்லபடியாக முடியும்வரை அது இருக்கட்டும்.