வெள்ளி நானோ கம்பி மின்முனை: மின்தடையைக் குறைப்பது எப்படி?

டச் ஸ்கிரீன், சோலார் செல், ஓஎல்இடி (தானே ஒளிரும் மெல்லிய திரை) எல்லாவற்றிலும் ஒளியை உள்ளே விட்டுக்கொண்டே மின்சாரத்தையும் கடத்தும் வேலையைப் பெரும்பாலும் இண்டியம் டின் ஆக்சைடுதான் பார்க்கிறது. ஆனால் வளைத்தால் விரிசல் விடும். அதனால்தான் வெள்ளி நானோ கம்பிகளை வலைபோலப் பரப்பிப் பார்க்கிறார்கள். மின்தடை அதிகமாக வந்தால் புதியவர்கள் உடனே இன்னும் கொஞ்சம் கம்பியை ஊற்றுவார்கள். வேண்டாம். சிக்கல் பெரும்பாலும் கம்பிகள் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும் சந்திப்புகளில்தான், ஏனென்றால் தயாரிப்பின்போது சேர்த்த பிவிபி என்ற பாலிமர் கம்பியைச் சுற்றித் தோல்போல ஒட்டியிருக்கும், அது மின்சாரத்தை விடாது.

முதலில் கம்பிகளைப் பரப்பப் போகும் கண்ணாடியைச் சோப்புத் தண்ணீர், அயனி நீக்கிய நீர், அசிட்டோன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்ற வரிசையில் அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவுங்கள். நீர்த்துளி உருண்டு நிற்காமல் பரவினால் சுத்தம்.

அப்புறம் கம்பிக் கலவை. அடியில் படிந்திருக்கும், பாட்டிலைக் கையால் மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். அல்ட்ராசோனிக்கில் வைத்தால் கம்பிகள் ஒடியும், கம்பி குட்டையானால் கடக்க வேண்டிய சந்திப்புகள் கூடும். பிறகு கலவையைக் கண்ணாடியில் ஊற்றிச் சுழற்றிப் பரப்பும் ஸ்பின் கோட்டரில் நிமிடத்துக்கு 1000 முதல் 2000 சுற்று போதும்.

இனிதான் முக்கியமான வேலை. ஹாட் பிளேட்டில் 150–200 டிகிரி செல்சியஸில் 10–20 நிமிடம் வையுங்கள். பிவிபி இளகி விலக, சந்திப்பில் வெள்ளியும் வெள்ளியும் ஒட்டிக்கொள்ளும். சூட்டை மிக ஏற்றினால் கம்பி துண்டு துண்டாகி மணிகளாக உருண்டுவிடும், வலையே போய்விடும். கண்ணாடிக்குப் பதில் பிஇடி பிளாஸ்டிக் என்றால் இந்தச் சூட்டைத் தாங்காது, அங்கே பிரஸ்ஸில் வைத்து அழுத்துங்கள். அழுத்தினால் மேடுபள்ளமும் குறையும், ஓஎல்இடியில் ஷார்ட் ஆகும் வாய்ப்பும் குறையும்.

மல்டிமீட்டரை நம்பாதீர்கள், முனை தொடும் இடத்தின் தடையும் சேர்ந்து வரும். நான்கு முனை அளவி வேண்டும், அதில் இரண்டு முனை மின்சாரத்தைச் செலுத்தும், மற்ற இரண்டு மின்னழுத்தத்தை அளக்கும். ஒளி ஊடுருவலை 550 நானோமீட்டரில் எடுத்து (90 சதவீதம் என்றால் 0.9), அதன் பத்தாம் அடுக்கைத் தகட்டு மின்தடையால், அதாவது அந்த அளவி காட்டும் மெல்லிய படலத்தின் தடையால், வகுங்கள். வருவதுதான் மின்முனையின் மதிப்பெண், கூடுதலாக இருந்தால் நல்லது. ஹாக்கே என்ற ஆய்வாளர் 1976-இல் சொன்ன கணக்கு இது. 90 சதவீதம், 10 ஓம் என்றால் 0.035, கம்பியைக் கூட்டி 80 சதவீதம், 5 ஓம் ஆக்கினால் 0.021தான். தடை பாதியாகியும் மதிப்பெண் இறங்கிவிட்டது, பாருங்கள்!

கடைசியாக மேலே துத்தநாக ஆக்சைடு பூசுங்கள், காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். பெடாட்-பிஎஸ்எஸ் என்ற மின்கடத்தும் பாலிமரைப் பூசுபவர்களும் உண்டு, அதன் அமிலத்தன்மையால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. பூசிய ஒன்றையும் பூசாத ஒன்றையும் திறந்த மேசையில் வைத்து, சில வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.