வெளிநாட்டில் இருந்துகொண்டு அப்பாவின் காரியம்: எதை முதலில் செய்வது

புதன் இரவு எட்டரைக்கு நியூ ஜெர்சியில் எனக்குப் போன் வந்தது. கும்பகோணம் பக்கம் எங்கள் ஊரில் அப்போது வியாழன் காலை ஆறு மணி. அதற்குப் பிறகு நான் செய்த சரியையும் தப்பையும் வைத்து இதை எழுதுகிறேன். சடங்குகளை விளக்கப் போவதில்லை. அது ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் பங்காளிகளுக்குத் தெரியும்.

1. காத்திருக்கச் சொல்வதா, எடுக்கச் சொல்வதா?

டிக்கெட் தேடும் முன் இதை முடிவு செய்யுங்கள். நான் வெள்ளி நள்ளிரவுதான் வீடு சேர முடியும். அப்படியென்றால் சனிக்கிழமை எடுக்க வேண்டும். "சனிப்பிணம் தனிப்போகாதுடா, வெள்ளியே எடுத்துடலாம், தம்பி கொள்ளி வைக்கட்டும்" என்றார் மாமா. அம்மா, "அவன் வந்து முகம் பார்க்கட்டும்" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. சனிக்கிழமை பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டினார்கள். கொள்ளி வைப்பவர் வர முடியாது என்றால் அதை முதல் அரை மணி நேரத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "பார்க்கிறேன், முயற்சி பண்றேன்" என்று இழுத்தால் அங்கே பந்தல்காரர் முதல் வெட்டியான் வரை எல்லாரும் தவிப்பார்கள்.

2. திரும்பி வரும் வழி

பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியா என்று பாருங்கள். ஆகியிருந்தால் திரும்புவதற்குச் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் புது முத்திரை வாங்க வேண்டும். கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்து, முன்அனுமதி இல்லாமல் கிளம்பினால், பலருக்கு அந்த விண்ணப்பமே கைவிடப்பட்டதாக ஆகிவிடும் (செல்லுபடியாகும் எச்1பி வேலை விசா முத்திரை உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு). அவசரத்துக்கு அனுமதி தரும் வழி இருக்கிறது. வக்கீலை அந்த இரவே எழுப்புங்கள். அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டவர்கள், விசா இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைய உதவும் ஓசிஐ அட்டையை மறக்கக் கூடாது.

டிக்கெட்டை விமான நிறுவனத்தின் தளத்திலேயே எடுங்கள். நூறு டாலர் மிச்சம் பிடிக்க இடைத்தரகர் தளத்தில் எடுத்தால், தேதி மாற்றும்போது இரண்டு பக்கமும் உங்களை அலைக்கழிப்பார்கள். திரும்பும் தேதி பதினாறாம் நாளுக்குப் பிறகு இருக்கட்டும்.

3. ஊரில் ஒரே ஒரு ஆள்

ஒருவர் மட்டும் செலவு செய்யட்டும், ஒருவர் மட்டும் முடிவு சொல்லட்டும். எங்களுக்கு அது அத்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முடிவெடுக்கவே எடுக்காதீர்கள். அங்கே நாற்பது பேருக்கு நாற்பது கருத்து. பணத்துக்கு, சில வங்கிகளில் என்ஆர்ஓ கணக்கோடு (வெளிநாடுவாழ் இந்தியர் இந்தியாவில் வைக்கும் ரூபாய்க் கணக்கு) அமெரிக்க செல்பேசி எண்ணையே யூபிஐயில் இணைக்கலாம். இதை இன்றைக்கே செய்து வையுங்கள்.

ஐஸ் பெட்டி பற்றி ஒன்று. இரண்டு நாள் வைப்பதென்றால் ஜெனரேட்டரும் சேர்த்துச் சொல்லுங்கள், வீட்டு இன்வெர்ட்டரை நம்பாதீர்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கண்ணாடி மூடி முழுக்க நீர்முத்து கோத்திருந்தது. சித்தி துண்டால் துடைக்கத் துடைக்க அப்பா முகம் தெரிந்து தெரிந்து மறைந்தது.

4. இறப்புப் பதிவு (நான் வழுக்கிய இடம்)

வீட்டில் இறந்தால் முதலில் டாக்டரிடம் இறப்புக் காரணச் சான்று. பிறகு 21 நாளுக்குள் பதிவு. கிராமத்தில் விஏஓ, நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சி. தாமதமானால் கட்டணம், அனுமதி என்று வேலை கூடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பால் தெளித்த அன்று நான் அஸ்தியோடு பூம்புகார் போயிருந்தேன்; பதிவுக்குப் போன உறவினர் ஊரில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிட்டார், இனிஷியலும் விட்டுப்போனது. சான்றிதழ் வந்தபோது யாரும் படித்துப் பார்க்கவில்லை, நானும்தான்.

நியூ ஜெர்சி திரும்பிய பிறகுதான் வங்கியில் அம்மாவைத் திருப்பி அனுப்பினார்கள். ஆதாரில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர். அது சரியாகாமல் வாரிசுச் சான்றிதழும் நகராது, அம்மாவின் குடும்ப ஓய்வூதியமும் நகராது. பதிவேட்டில் ஒருமுறை ஏறியதை அழிக்க மாட்டார்கள். ஓரத்தில்தான் திருத்தம் எழுதுவார்கள், அதற்கு ஆதாரங்கள் கேட்பார்கள். எனக்கு நான்கு மாதம் ஆனது.

ஆகவே: ஆதார், பான், வங்கிப் புத்தகம், ஓய்வூதியப் புத்தகம், பட்டா ஐந்தையும் பக்கத்தில் வைத்துப் பெயரை ஒப்பிடுங்கள். ஆதாரில் உள்ளபடி ஒரு தாளில் பெரிய எழுத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, பதிவுக்குப் போகிறவர் சட்டைப்பையில் வையுங்கள். வாயால் சொல்லி அனுப்பாதீர்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். நீங்கள் ஊரில் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

(மொட்டைத் தலையோடு திரும்பும்போது குடிநுழைவு அதிகாரி பாஸ்போர்ட் படத்தையும் என்னையும் மூன்று முறை பார்த்தார். "அப்பா" என்றேன். முத்திரை குத்திவிட்டார்.)

பின்சேர்க்கை 1: ஒருவர் கேட்ட பிறகுதான் உறைத்தது. இறந்தவர் உடலில் பேஸ்மேக்கர் இருந்தால் தகனத்துக்கு முன் மருத்துவரை வைத்து எடுத்துவிட வேண்டும். சூட்டில் அதன் பேட்டரி வெடிக்கும்.

பின்சேர்க்கை 2: பிள்ளையைப் பார்க்க வந்த இடத்திலேயே, அதாவது அமெரிக்காவில், இறந்துவிட்டால்? உடலை ஊருக்குக் கொண்டுபோக உள்ளூர் இறப்புச் சான்றிதழ், உடலைப் பதப்படுத்திய சான்று, இந்தியத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும்; பாஸ்போர்ட்டையும் ரத்து செய்வார்கள். இங்கேயே தகனம் செய்து அஸ்தியைக் கொண்டுபோவது எளிது. கலசம் உலோகமாக இருக்க வேண்டாம்; எக்ஸ்ரேயில் உள்ளே தெரியாவிட்டால் விமானத்தில் விட மாட்டார்கள், திறந்து பார்க்கவும் மாட்டார்கள். மரம் அல்லது பிளாஸ்டிக் வாங்குங்கள்.