யூனிக் கட்டளை: ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் நீக்குவது எப்படி?

டெர்மினலை, அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தைத் திறந்து, கோப்பு இருக்கும் இடத்துக்குப் போய்விட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். யு, என், ஐ, க்யூ என்ற நான்கு எழுத்துகளைச் சிறிய வடிவில் தட்டி, இடைவெளி விட்டு, கோப்பின் பெயரைக் கொடுங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் இந்தக் கட்டளை ஏற்கெனவே இருக்கிறது.

பட்டியல் என்ற கோப்பில் மூன்று வரிகள்:

கொடி
மரம்
கொடி

யூனிக்கை ஓட்டினால் மூன்றும் அப்படியே திரும்பி வரும். பிழைச் செய்திகூட இருக்காது. பலரும் இந்த இடத்தில்தான் கட்டளையைச் சந்தேகிக்கிறார்கள். யூனிக் ஒவ்வொரு வரியையும் அதற்கு நேர் முந்தைய வரியோடு மட்டுமே ஒப்பிடும். நடுவில் 'மரம்' நிற்பதால் இரண்டாவது 'கொடி' அதற்குப் புதிய வரி. எவ்வளவு பெரிய கோப்பானாலும் நினைவகத்தைத் தின்னாமல் அது ஓடுவதும் இதனால்தான்.

ஆகவே, ஒரே மாதிரி வரிகளை முதலில் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளை (எஸ், ஓ, ஆர், டி) அதைச் செய்யும்; நடுவில் உள்ள நேர்கோடு அதன் விடையை யூனிக்குக்கு அனுப்பும். கட்டளைப் பெயர்களையும் தெரிவுகளையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்:

சார்ட் பட்டியல் | யூனிக்

இப்போது இரண்டே வரிகள். சார்ட்டுக்கே '-யு' என்ற தெரிவைக் கொடுத்தாலும் இதே விடைதான். ஆனால் யூனிக்கின் '-யு' வேறு வேலை செய்யும்: ஒரே ஒரு முறை வந்த வரியை மட்டும் காட்டும். 'கொடி' இரண்டும் காணாமல் போய், 'மரம்' மட்டும் மிஞ்சும். '-டி' இதற்கு நேர்மாறு. எனக்கு மிகவும் பிடித்தது '-சி'. எந்த வரி எத்தனை முறை வந்தது என்று முன்னால் எண் போட்டுத் தரும். எதையும் நீக்குவதற்கு முன் அதை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

வரிசை கலையக் கூடாது என்றால் சார்ட் உதவாது. வரிவரியாக உரையைக் கையாளும் ஆக் (ஏ, டபிள்யூ, கே) கருவிதான் சரி. அதன் பெயருக்கும் கோப்பின் பெயருக்கும் நடுவில் ஒரு சிறு நிரல் வரும். ஒற்றை மேற்கோளுக்குள் ஆச்சரியக்குறி, ஏதாவது ஓர் ஆங்கில எழுத்து, சதுர அடைப்புக்குள் டாலரும் சுழியமும், கடைசியில் இரண்டு கூட்டல் குறிகள். இவ்வளவுதான் நிரல். பார்த்த வரிகளையெல்லாம் அது நினைவில் வைத்துக்கொள்வதால் மிகப் பெரிய கோப்பில் நினைவகம் நிறையும்.

ஓர் எச்சரிக்கை. யூனிக்குக்கு இரண்டு கோப்புப் பெயர்கள் கொடுத்தால் இரண்டையும் படிக்காது. முதலாவதைப் படித்து இரண்டாவதன் மேல் எழுதிவிடும். விடையை '>' போட்டு அதே கோப்புக்குத் திருப்பினாலும், படிக்கும் முன்பே கோப்பு காலியாகிவிடும். சார்ட்டின் '-ஓ' தெரிவு இதற்குப் பாதுகாப்பானது.

பின்சேர்க்கை: சார்ட் செய்த பிறகும் இரட்டை வரிகள் மிஞ்சுகின்றன என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஒரு காரணம், விண்டோஸ் கோப்புகளில் வரி முடிவில் ஒளிந்திருக்கும் கூடுதல் குறி. டாஸ்-டு-யூனிக்ஸ் கருவி அதை நீக்கிவிடும். இன்னொன்று தமிழுக்கே உரியது. 'கொ' என்பதன் உயிர்க்குறியை, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, பைட்டுகள் வேறு. அப்படிப்பட்ட கோப்பை, எழுத்து வடிவங்களை மாற்றும் யுகான்வ் கருவியில் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது ஒரே குறியாக எழுதும் வடிவத்துக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகே சார்ட்டுக்கு அனுப்புங்கள்.