உதவித்தொகை வரும்போதே சொந்தக் காலில் நிற்க

மாதம் 1,200 ரூபாய் அரசு பென்ஷன் வருதுக்கா, இதை வைத்து என்ன பண்றது என்று தண்டையார்பேட்டையில் எங்கள் தெருத் தங்கச்சி ஒருத்தி கேட்டாள். புருஷன் விட்டுப்போய் ஆறு வருஷம், இரண்டு பிள்ளைகள். விடிகாலை நாலு மணிக்கு மாவு வாளியைத் தூக்கிக்கொண்டு இட்லிக் கடை போடுகிறவளிடம் ‘முயற்சி பண்ணு’ என்று புத்தி சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. அவளிடம் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் வரவேண்டியது எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். விதவைகளுக்கு மட்டும்தான் பென்ஷன் என்று நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், கணவர் கைவிட்டவர்களுக்கும் உண்டு. 30 வயது ஆகியிருக்க வேண்டும், பிரிந்து 5 வருஷமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் சட்டப்படி பிரிந்ததற்குச் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஜீவனாம்சம் கேட்க வக்கீலுக்குக் காசில்லையே என்று விட்டுவிடாதீர்கள். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி கிடைக்கும், பாரிமுனை ஹைகோர்ட் வளாகத்திலேயே போய்க் கேட்கலாம். மகள் அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டு காலேஜ் சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022-ல் அதைத் தொடங்கியதே நம்ம பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில்தான்.

அப்புறம் தண்டல், அதாவது தினமும் வந்து வசூலிக்கிற வட்டிக் கடன். இதை முடிக்காமல் எந்தத் தொழிலும் நிமிராது. 10,000 என்று எழுதிக்கொண்டு 1,500 பிடித்து 8,500 தருவார்கள், தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மழை பெய்து கடை போடாவிட்டாலும் சாயங்காலம் வசூல்காரர் வண்டி வந்து நிற்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், மாசப் பென்ஷன் முழுவதும் பன்னிரண்டு நாள் தண்டலுக்குத்தான் சரி. அதனால் ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்காதீர்கள், இருப்பது முடிந்ததும் தினம் கட்டியதைக் குறிக்கிற அந்த அட்டையைக் கிழித்துப் போடுங்கள். கூடவே மகளிர் சுயஉதவிக் குழுவில் சேருங்கள். புதுக் குழு என்றால் 6 மாதம் ஒழுங்காகச் சேமித்துக் காட்டினால்தான் வங்கிக் கடன் கேட்க முடியும், ஆகையால் கஷ்டம் வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே சேருங்கள்.

கடைக் காசையும் வீட்டுக் காசையும் கலக்கவே கூடாது. தங்கச்சி இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்திருக்கிறாள். நாளைக்கு அரிசி, உளுந்து வாங்குகிற காசு ஒன்றில், மீதி இன்னொன்றில். பிள்ளை ஐஸ்கிரீம் கேட்டாலும் முதல் பாட்டிலைத் தொடமாட்டாள். பென்ஷனை வாடகைக்கு என்று ஒதுக்கிவிட்டாள், தண்டல் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.